படத்தை வெட்டுவதா, வெட்டாமலே விடுவதா?

இணையப் பக்கத்தில் ஒரு பெரிய படம், அதில் நாலு இடங்களில் நாலு இணைப்பு. இந்த வேலை வந்தால் பலர் உடனே ஃபோட்டோஷாப்பில் படத்தைத் துண்டுகளாக வெட்டும் ஸ்லைஸ் கருவியை எடுக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது வெட்டும் முன் ஒன்றை மட்டும் யோசிக்கிறேன்: பார்ப்பவர் இந்தப் படத்தை முழுசாக ஒரே நேரத்தில் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் வெட்டுவதில்லை.

டேபிள் கட்டங்களால் பக்கம் கட்டிய காலத்தில் ஸ்லைஸ் முறை நன்றாகவே உதவியது. புகைப்படப் பகுதியை ஜேபெக்காகவும் எழுத்துப் பகுதியை ஜிஃபாகவும் தனித்தனியே சேமிக்கலாம். தொல்லை, ஒட்டும் இடத்தில். ஜேபெக் ஒரு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. 900 பிக்சல் அகல வானத்தை 300, 300 என்று மூன்றாக வெட்டினால், 300 என்பது எட்டால் வகுபடாது. துண்டின் விளிம்புக் கட்டம் பாதியில் அறுந்து, நீலத்தின் நடுவே மெல்லிய கோடு தெரியும். 304-இல் வெட்டிப் பாருங்கள், அதாவது எட்டுக்கும் பொருந்தும் 16-இன் மடங்கில். கோடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

அப்புறம் படத்துக்குக் கீழே வரும் அந்த வெள்ளை இடைவெளி. உலாவி படத்தையும் ஓர் எழுத்தைப் போலவே வரியில் உட்கார வைக்கிறது; எழுத்தின் வால் இறங்குவதற்காக விட்ட இடம்தான் அது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் படத்தை பிளாக், அதாவது வரியில் உட்காராத தனிப் பெட்டி, ஆக்கினால் போய்விடும். ஆனால் கைபேசியில் அகலம் சுருங்கும்போது துண்டுகளின் அளவு பின்னத்தில் வந்து நடுவில் மயிரிழை விழுகிறதே, அதற்கு இவ்வளவு எளிதான மருந்து இல்லை.

இரண்டாவது வழி இமேஜ் மேப்: படத்தின் எந்தப் பகுதி எந்த இணைப்பு என்று பக்கத்தின் குறியீட்டில் குறிப்பது. இதில் படம் முழுசாகவே இருக்கும். வட்டம், பலகோணம் என எந்த வடிவிலும் இணைப்பு கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மாற்று உரையும் எழுதலாம். ஆனால் இணைப்பின் இடத்தைக் குறிக்கும் ஆயங்கள் பிக்சலில் நிலையாக நிற்பவை. படம் சுருங்கினாலும் அவை சுருங்காது. பொத்தான் ஓரிடத்திலும் இணைப்பு வேறிடத்திலும் இருக்கும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: படத்தின் மேல் இணைப்புகளைச் சதவீதக் கணக்கில் மிதக்க விடுவது. 1000 பிக்சல் படத்தில் 620-இல் தொடங்கி 180 அகலமுள்ள பொத்தானுக்கு இடது 62%, அகலம் 18% என்று எழுதினால் போதும். படம் 360 பிக்சலுக்குச் சுருங்கினாலும் இணைப்பு பொத்தானை விட்டு நகராது. செவ்வகம் போதாது, கோணல்மாணலான வடிவம் வேண்டும் என்றால் கோடுகளால் வடிவம் வரையும் எஸ்விஜியின் பலகோணத்தைப் போடுங்கள். அதுவும் படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

ஸ்பிரைட் என்பது வெட்டுவதற்கு நேர் எதிர். சின்னச் சின்ன ஐகான்களை ஒரே படமாக ஒட்டி, வேண்டியதை மட்டும் காட்டுவது. 2004-இல் வலை வடிவமைப்பாளர் டேவ் ஷே இதைப் பரவலாக்கினார். கோப்புகளை இறக்க உலாவிகள் ஒரு தளத்தின் சர்வரோடு ஒரே சமயத்தில் சில தொடர்புகளை மட்டுமே திறந்தன என்பதால் அன்று அது பெரிய லாபம். ஒரே தொடர்பில் பல கோப்புகளைச் சேர்த்து அனுப்பும் எச்டிடிபி/2 2015-இல் வந்தபின் அந்த அவசியம் பெரிதும் குறைந்துவிட்டது.

சரி, எப்போதுதான் வெட்டுவது? படம் திரையில் அடங்காதபோது. 20,000×15,000 பிக்சலில் ஸ்கேன் செய்த நிலப்படத்தை விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 1.2 ஜிபி பிடிக்கும், கைபேசி திணறிவிடும். அதையே 256 பிக்சல் ஓடுகளாக வெட்டினால் முழு அளவில் மட்டும் 4,661 துண்டுகள். இவ்வளவா என்று மலைக்க வேண்டாம். பார்ப்பவருக்கு இறங்குவது திரையில் தெரிகிற சில ஓடுகள்தான். லிப்விப்ஸ் என்ற படக் கருவி வெட்டிக் கொடுக்கும், ஓப்பன்சீட்ராகன் என்ற நிரல் அதை உலாவியில் காட்டும். வெட்டும்போது ஒவ்வோர் ஓடும் பக்கத்து ஓட்டின் மேல் ஒரு பிக்சல் ஏறி நிற்குமாறு வையுங்கள். ஸ்லைஸில் பாடாய்ப்படுத்திய அந்தக் கோடு இங்கே வராது.