வட்சப் குடும்பக் குரூப்: நீண்ட காலம் பாவித்த அனுபவம்

வட்சப்புக்கு நாங்கள் வைபர் என்ற கோல் செயலியிலிருந்து வந்தவர்கள். 2013, 2014 அளவில் எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் கோல் என்றால் வைபர்தான், வட்சப்பில் ஏதாவது எழுதிப் போடுவதோடு சரி. 2015 இல் அதில் குரல் அழைப்பும் 2016 கடைசியில் வீடியோ அழைப்பும் வந்த பிறகு ஒவ்வொருவராகத் தாவினோம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணா ஒரு குரூப்பைத் திறந்து ‘எங்கட வீடு’ என்று பெயர் வைத்தார், அது இன்றுவரை ஓடுகிறது. ரொறன்ரோ, லண்டன், சுவிஸ், பாரிஸ், கொழும்பு என்று சிதறிக் கிடக்கிற சனம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஊரில் மிஞ்சியது யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மாவும் நானும்.

இவ்வளவு காலம் பாவித்ததில் எனக்கு வந்த முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். செய்தி சொல்ல, முகம் பார்க்க, குரல் கேட்க இதைப்போல ஒன்று எங்கள் ஆட்களுக்கு முன்பு கிடைத்ததே இல்லை. ஒரு விசயத்தைக் கதைத்து முடிவெடுக்க இது துப்பரவாக உதவாது.

முதல் பாதியின் பெறுமதி இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்குமோ தெரியாது. சண்டை நடந்த தொண்ணூறுகளில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, சோதனைச்சாவடி எல்லாம் தாண்டிக் கொழும்புக்குப் போகவேண்டும். செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். 2002 சமாதானத்தோடு ஏ9 பாதை திறந்து சந்திக்குச் சந்தி கொமினிகேசன் கடை வந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, வெளியே வாங்கில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்க, மீற்றர் ஓட ஓடக் கதைத்தோம். சுகமா, காசு வந்தது, சரி வைக்கிறன். அவ்வளவுதான் கதை.

வட்சப்பில் எனக்குப் பிடித்த ஒரே ஒன்றைச் சொல் என்றால் வொய்ஸ்தான் சொல்வேன், குரலைப் பதிந்து செய்தியாக அனுப்புவது. 2013 இலேயே வந்த வசதி, ஆனால் எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தது அம்மா. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அந்தச் சின்னக் கீபோர்டில் தமிழ் அடிக்க வராது. வொய்ஸ் வந்த பிறகு அவர் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, “தம்பி, நான் நல்ல சுகம், நீங்களும் சுகமா இருக்க நல்லூரானை வேண்டுறன்” என்று அந்தக் காலத்துக் கடிதம் மாதிரியே தொடங்கி, கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டு வழக்கு, குளிசை முடிந்தது எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புவார். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமமாக இருக்கும். கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், நவம்பரில் அவர்கள் நேரத்தை மாற்றினால் பத்தரை, இதைக் கணக்குப் பார்த்துக் கோல் எடுக்கிற தலையிடி வொய்ஸில் இல்லை. அண்ணா வேலைக்குப் போகிற வழியில் காரில் கேட்பார். 2021 இல் வேகத்தைக் கூட்டிக் கேட்கிற வசதி வந்தது, பேரப்பிள்ளைகள் எல்லாரும் அப்பம்மாவை இரண்டு மடங்கில்தான் கேட்கிறார்கள். ஒருமுறை லீவில் வந்த மருமகனின் போனில் தன் குரலை அந்த வேகத்தில் கேட்ட அம்மா, “நான் இப்பிடியே விழுந்தடிச்சுக் கதைக்கிறனான்?” என்று அன்று முழுக்க மெதுவாகக் கதைத்தார்.

வொய்ஸின் குறை, அதற்குள் தேட முடியாது. காணி உறுதியின் இலக்கத்தை அம்மா எப்போதோ ஒரு வொய்ஸில் சொல்லியிருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும், எதில் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தில் போட்டிருந்தால் ஒரு நொடியில் எடுத்திருக்கலாம். (மினிபஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மானிப்பாய் வீதியில் பாதிச் சனத்தின் சீதனப் பிரச்சினை எனக்குத் தெரியும்.)

இனி உதவாத பக்கம். பின்வளவுக் கிடுகுவேலி விழுந்துவிட்டது, என்ன செய்வது என்று குரூப்பில் கேட்டோம். அண்ணா மதில் என்றார், சுவிஸ் அக்கா கம்பிவலை போதும் என்றார், பாரிஸ் சித்தப்பா கிளுவை நட்டு அடைத்தால்தான் வேலிக்கு அழகு என்று தன்னுடைய சின்ன வயதுக் கதையோடு சேர்த்து நீளமான வொய்ஸ் போட்டார். நாங்கள் படுக்கப் போகும்போது அவர்கள் எழும்புவார்கள், நாங்கள் எழும்பிப் பார்க்கும்போது இரவு ஒரு சண்டை நடந்து முடிந்து இரண்டு பேர் கோபத்தில் இருப்பார்கள். யாராவது ஒரு கருத்துப் போட்டால் மற்றவர்கள் கட்டைவிரலைப் போடுவார்கள், அது சம்மதமா, பார்த்தேன் என்று சொல்வதா, காலை வணக்கமா என்று பிரித்தறிய முடியாது. மருமகன் ஒருவன் முறையாகச் செய்வோம் என்று வாக்கெடுப்பு வைத்தான். சித்தப்பா மூன்றுக்கும் வாக்குப் போட்டார். அந்த வாக்கெடுப்பில் ஒன்றுக்கு மேல் தெரிவு செய்ய விடுகிற ஒரு பொத்தான் இருக்கிறது, வைக்கிறவர்கள் அதை முதலே நிறுத்திவிட்டு வையுங்கள். இதற்குள் மேசன் பார்த்துப் பார்த்து வேறு வேலைக்குப் போய்விட்டார், சீமெந்து விலையும் எங்கேயோ ஏறிவிட்டது. கடைசியில் அம்மா அண்ணாவுக்குத் தனியாகக் கோல் எடுத்து, “தம்பி, மாடு உள்ளுக்க வருது, நான் என்ன செய்ய?” என்று கேட்டார். அடுத்த கிழமை கம்பிவலை வந்தது.

முன்பு வீட்டில் இருக்கிறவர்கள் முடிவெடுத்துவிட்டுக் கடிதத்தில் அறிவிப்பார்கள். இப்போது வாளி வாங்கவும் நாலு நாட்டுச் சம்மதம் வேண்டும். காசு அங்கிருந்து வருவதால் கேட்காமல் செய்யவும் மனம் வராது. அதோடு அந்த நீலச் சரி அடையாளம் வேறு. தனி உரையாடலில் அதை நிறுத்தி வைக்கலாம், குரூப்பில் முடியாது. நாங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து உள்ளே போனால் யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியலே வரும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “வாசிச்சுப்போட்டும் ஒரு வார்த்தை போடேல்லை” என்று ஆளுக்கு ஆள் கணக்கு வைத்திருக்கிறார்.

ஆனால் இந்தச் செயலிகள் எங்கள் ஊரை உண்மையாகவே புரட்டிப்போட்ட இடம் செத்தவீடுதான், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒருவர் மோசம் போனால் சைக்கிளில் ஆள் போய்ச் சொல்லும், மின்கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், உதயன் பேப்பரில் போடுவார்கள், வானொலியில் மரண அறிவித்தல் போகும். கொள்ளி வைக்கிற மகன் வெளிநாட்டில் என்றால் அவர் வந்து இறங்கும்வரை உடலை வைத்திருப்பார்கள். இப்போது விசாவோ ரிக்கற்றோ சரிவராவிட்டால் லைவ், நேரடி ஒளிபரப்பு. படம் பிடிக்கிறவரோடு பேசும்போதே லைவ் வேண்டுமா என்று கேட்பார், டேட்டா காசு தனி. தேவாரம் பாடுவதும் சுண்ணம் இடிப்பதும் வாய்க்கரிசி போடுவதும் எல்லாம் ரொறன்ரோவில் ஒரு வீட்டு ஹோலில் பெரிய ரீவியில் ஓடும். பேஸ்புக்கில் போட்டால் பார்க்கிற யாரோ ஒருவரின் விரல் தவறிப் பட்டு பெட்டிக்கு மேலால் சிவப்பு இதயங்கள் மிதந்து போகும், அதனால்தான் நாங்கள் தனி இணைப்பாக எடுத்துக் குரூப்பில் மட்டும் போடுவோம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் படலை தாண்டும்வரை அழுவோம், பிறகு வீட்டைக் கழுவித் தோய்வோம். அங்கே என்ன நடக்கிறது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஆண்கள் வந்து சொல்லவும் மாட்டார்கள். மாமா மோசம் போனபோது லைவ் எடுத்தவர் பாடையோடு கோம்பயன்மணல் சுடலை வரைக்கும் போனார், படலையோடு நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து மகள் கோலில், “அம்மா, பாக்கிறீங்களோ?” என்று கேட்க, மாமி என் போனை வாங்கி மடியில் வைத்தார். தாய், தகப்பன், தமையன் என்று எத்தனையோ பேரைப் படலையில் வழியனுப்பிய மனுசி, முதல்தடவை கட்டை அடுக்குவதையும் மகன் குடம் சுமந்து சுற்றி வருவதையும் கொள்ளி வைப்பதையும் பார்த்தார். ஒரு பெரியம்மா, உது கூடாத வேலை என்று எழும்பிப் போனார். மற்றவர்கள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்கள். மாமி அன்று பிறகு அழவில்லை, முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். சரியா பிழையா என்று ஐயரைக் கேட்டால் ஒன்று சொல்வார், எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

இதன் மறுபக்கத்தை 2020 இல் பார்த்தோம். லண்டனில் பெரியப்பா கொரோனாவில் போனார், அங்கே ஒரு சிலரைத்தான் உள்ளே விட்டார்கள், இங்கே யாழ்ப்பாணம் வாரக்கணக்கில் ஊரடங்கில் கிடந்தது, ஒழுங்கை முனைக்குக்கூடப் போக முடியாது. பிறந்த வீட்டில் விளக்கேற்றி வைத்து ஒரு போனில் அவரை அனுப்பினோம். அந்த நாட்களில் இந்தக் குரூப் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

ஆனால் செய்தி ஓடுகிற வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். சுவிஸ் அக்காவுக்குத் தன் மாமியார் போனது வேலையிடத்தில் பேஸ்புக்கைத் திறந்தபோதுதான் தெரியும், வீட்டார் கோல் எடுக்க முதலே தூரத்துச் சொந்தம் ஒருவர் படம் போட்டு ஆர்ஐபி எழுதிவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் ஒழுங்கு இப்படி: முதலில் பிள்ளைகளுக்குக் கோல், பிறகு குரூப், பேஸ்புக் பொழுதுபட்ட பிறகு. கலியாணம், சாமத்தியவீடு என்றால் வேறு சட்டம். வெளிநாட்டுக்கு வட்சப்பில் அழைப்பிதழ் அனுப்பலாம், ஊருக்குள் நேரே போய்ச் சொல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். நாச்சிமார் கோவிலடி மாமா, “போனிலை சொன்னவைக்குப் போனிலையே வாழ்த்துவம்” என்று இருந்துவிட்டார், அதில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை.

படலைக் கமெராவைச் சொல்லாமல் விட முடியாது, குரூப்பின் நீட்சிதான் அது. தனியே இருக்கிற தாய்தகப்பனுக்குப் பாதுகாப்பு என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் பூட்டிக் கொடுப்பது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. யாராவது படலையைத் திறந்தால் ரொறன்ரோவில் போன் சத்தமிடும், ஐந்து நிமிசத்தில் குரூப்பில், “உது ஆர் வந்தது?” பக்கத்து வீட்டு அன்ரி முன்பு நாளுக்கு இரண்டு தரம் வருவார், தேங்காய்ப்பாதி கேட்க, கதைக்க. இப்போது அவர் முன்படலையால் வருவதில்லை, பின்வளவுக் கம்பிவலையோடு நின்று கதைக்கிறார். நல்லவேளை மதில் கட்டவில்லை.

மற்றவை சுருக்கமாக. மார்ச் 2018, ஏப்ரல் 2019, ஏப்ரல் 2022 என்று அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிய நேரமெல்லாம் தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் செயலி போட்டுச் சமாளித்தோம், அம்மாவுக்கே விபிஎன் என்றால் என்ன என்று தெரியும். 2021 ஒக்ரோபர் 4 இரவு உலகம் முழுக்க வட்சப் நின்றபோதுதான் எங்களிடம் யாருடைய தரைவழி இலக்கமும் இல்லை என்று தெரிந்தது, இப்போது எல்லா இலக்கமும் கலண்டருக்குப் பின்னால் எழுதித் தொங்குகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் ஒழுங்கைக் குரூப் ஒன்று தொடங்கினோம், எந்தப் பெற்றோல் செட்டில் பெற்றோல் வந்தது, காஸ் எங்கே இறங்குது, கறண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்பதற்கு. குடும்பக் குரூப்பைவிட அது பத்து மடங்கு பிரயோசனமாக இருந்தது. நெருக்கடி தணிந்த கையோடு அது பூப்போட்ட காலை வணக்கத்தில் போய் விழுந்துவிட்டது.

புதிதாகப் பாவிக்கிறவர்கள் மூன்றைச் செய்யுங்கள். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள், 2022 க்குப் பிறகு புதுப் போன் விலையை நினைத்தால் பழையதின் இடத்தைப் பாதுகாப்பதுதான் புத்தி. இரண்டாம் கட்டக் கடவு எண்ணைப் போடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், சொந்தக்காரரின் இலக்கத்திலிருந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள், அந்த வழியால்தான் கணக்கைப் பறித்து அவசரக் காசு கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பழைய ஐபோன் வந்தால் வாங்க முதல் அதன் அப்பிள் கணக்கைக் கழற்றிவிட்டுத் தரச் சொல்லுங்கள். அம்மாவின் போனுடைய பாஸ்வேர்ட் இன்றைக்கும் சுவிஸில்தான் இருக்கிறது, அக்கா நித்திரை என்றால் இங்கே ஒரு செயலியும் இறக்க முடியாது.

குரூப்பை விடப்போவதில்லை. செய்திக்கும் வொய்ஸுக்கும் அது இருக்கட்டும். முடிவெடுக்கிற விசயங்களை இப்போது ஞாயிறு பின்னேரம் அம்மா, அண்ணா, அக்கா, நான் நாலு பேரும் வீடியோவில் வந்து கதைத்து முடிக்கிறோம், கிணற்றுக்கு மோட்டர் மாற்றுவது போன கிழமை கால் மணித்தியாலத்தில் முடிந்தது. சித்தப்பாவை அதில் சேர்ப்பதில்லை. அப்படி ஒரு அழைப்பு நடப்பதே அவருக்குத் தெரியாது, யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.