பாத்லிப்புடன் எட்டு ஆண்டுகள்: கோப்புப் பாதைகளோடு பழகிய அனுபவம்

பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பதற்கு 2017 வரை நான் வெறும் எழுத்துச்சரங்களையே நம்பியிருந்தேன். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கின் கணினிப் பிரிவில் வேலை. பகலில் விண்டோஸ் கணினியில் எழுதும் நிரல், இரவில் லினக்ஸ் சர்வரில் ஓட வேண்டும். பாதையைப் பிரிக்க விண்டோஸ் இடும் பின்சாய்கோட்டையும் (\) லினக்ஸ் இடும் சாய்கோட்டையும் (/) சமாளிப்பதற்காக ‘ஓஎஸ் டாட் பாத்’ தொகுதியின் ஜாயின், ஸ்ப்ளிட், டிர்நேம் ஆகியவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்து, ஒரு வாரம் கழித்துப் படித்தால் எனக்கே விளங்காத வரிகளை எழுதிக் குவித்திருந்தேன். அவ்வாண்டில்தான், பைத்தானோடு சேர்ந்தே வரும் கோப்புப் பாதைத் தொகுதியான பாத்லிப்புக்கு மாறினேன். அதனால் அடைந்த பயனின் பெரும்பகுதி அலுவலகத்தில் கிடைத்தது. பட்ட அடிகளின் பெரும்பகுதி, சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ள ஒரு தமிழ் அமைப்பின் பழைய ஆவணங்களை மின்வடிவில் ஒழுங்குபடுத்தும் தொண்டூழியத்தில் கிடைத்தது.

பாத்லிப் 2014 மார்ச்சில் வெளியான பைத்தான் 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதை முன்மொழிந்தவர் அந்துவான் பித்ரூ. ஆனால் அப்போது பாதையைப் பொருளாக உருவாக்கி வைத்துக்கொண்டாலும், கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ அதை ஏற்காது; ஒவ்வோர் இடத்திலும் மீண்டும் எழுத்துச்சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில்தான் இந்தக் குறை நீங்கியது. அதற்கு முன்பு முயன்று பார்த்து வெறுத்துப்போனவர்கள் மறுபடியும் ஒருமுறை முயலலாம்.

பாதை என்பது எழுத்துச்சரம் அன்று, தனி இயல்புகள் உள்ள ஒரு பொருள் என்று இத்தொகுதி கொள்வதுதான் எனக்கு முதலில் பிடித்தது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே வகுத்தல் குறியை இட்டால் பாதை இணைந்துவிடுகிறது. ‘பேரன்ட்’ என்றால் மேல் கோப்புறை, ‘ஸ்டெம்’ என்றால் பின்னொட்டு (கோப்பின் வகையைக் காட்ட, கடைசிப் புள்ளியோடு வருவது) நீங்கிய பெயர். விண்டோஸ் பாதைகளை மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய காலத்தில், ‘நியூ’ என்ற கோப்புறையின் முதல் ஆங்கில எழுத்தும் அதற்கு முன்னுள்ள பின்சாய்கோடும் சேர்ந்து புதுவரிக் குறியாகி, கோப்பு கிடைக்கவில்லை என்று நிரல் அடம்பிடித்த நாள்கள் உண்டு. விண்டோஸுக்கு முன்னோடியான எம்எஸ்-டாஸின் கட்டளைகளில் சாய்கோடு ஏற்கெனவே வேறு பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், 1983இல் அதன் 2.0 பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது பாதைக்குப் பின்சாய்கோடு வாய்த்தது. அன்றைய இடநெருக்கடிக்கு நாம் இன்றுவரை வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அலுவலகத்தில் அதிகம் உழைப்பது பாத்லிப்பின் ‘ப்யூர் விண்டோஸ் பாத்’ என்ற வகுப்பு. கிடங்கு ஊழியர்கள் எக்செல் அட்டவணையில் பின்சாய்கோட்டுடன் எழுதி அனுப்பும் பாதைகளை, லினக்ஸ் சர்வரில் இருந்தபடியே இது சரியாகப் பிரித்துக் கொடுக்கிறது. வட்டைத் தொடாமல் பெயரை மட்டும் ஆராய்வதால், அந்தக் கோப்பு சர்வரில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இதற்காக முன்பு நான் எழுதி வைத்திருந்த நாற்பது வரி நிரலை மகிழ்ச்சியோடு அழித்தேன். அந்த அட்டவணையில் ஒருவர் சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையை எழுதிவிட்டால் மட்டும் கவனம் தேவை: இணைக்கும்போது இடப்பக்கம் நாம் கொடுத்த அடிப்படைக் கோப்புறை ஓசையின்றி மறைந்து, வலப்பக்கத்துக் கோப்புறையே நிலைக்கும். வெளியார் தரும் பெயர்களை இணைப்பவர்கள் இதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

இனி, அமைப்பில் நடந்தது. அதன் ஆவணங்களைப் பேணி வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய பழைய ஸ்கேனர் பின்னொட்டு இல்லாமலேயே கோப்புகளைச் சேமித்திருந்தது. ‘ஆண்டுக் கணக்கு 31.12.2009’ என்பதே கோப்பின் முழுப்பெயர். எல்லாவற்றுக்கும் பிடிஎஃப் பின்னொட்டைச் சேர்க்க, ‘வித் சஃபிக்ஸ்’ என்ற மெத்தடைக் கொண்டு பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். அது பின்னொட்டைச் சேர்ப்பதில்லை. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பின்னொட்டாகக் கருதி, அதை மாற்றிவிடுகிறது. அதன் கண்ணுக்கு ‘2009’ என்ற ஆண்டே பின்னொட்டு. ஆகவே 2009 முதல் 2017 வரையிலான ஒன்பது கணக்குகளும் ‘ஆண்டுக் கணக்கு 31.12.pdf’ என்ற ஒரே பெயரைப் பெற்றன. அதன் பின் ‘ரீநேம்’, ஒவ்வொன்றையும் முந்தையதன் மேல் வைத்து அழுத்தியது.

வீட்டு மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை எளிது: சோதனைக்கு ஓர் ஆண்டுக் கணக்கை மட்டுமே எடுத்திருந்தேன், பெயரில் ஆண்டு உதிர்ந்ததையும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்திருந்தால், அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே உள்ளது என்று விண்டோஸ் பிழை காட்டி நின்றிருக்கும். அமைப்பின் சேமிப்புப் பெட்டியோ லினக்ஸில் இயங்குவது. அங்கே அதே ‘ரீநேம்’ மறுபேச்சின்றிப் பழைய கோப்பை அழித்து, அதன் இடத்தில் புதியதை அமர்த்தும். பைத்தானின் ஆவணக் குறிப்பிலேயே இந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்கிறது. படிக்காதது என் பிழை. இரண்டு நாள் கழித்து ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஒன்பது வருசக் கணக்குல ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் வேற எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள், “பரவாயில்ல, என்கிட்ட ஒரு நகல் இருக்கு” என்றார். மைலோ டின்னுக்குள் துணி சுற்றி வைத்திருந்த புறவட்டு அன்று என் மானத்தைக் காப்பாற்றியது. இப்போதெல்லாம் பின்னொட்டைச் சேர்க்க முழுப்பெயரோடு ஒட்டி ‘வித் நேம்’ மூலம் கொடுக்கிறேன். பெயர் மாற்றுமுன் இலக்கு ஏற்கெனவே உள்ளதா என்று சோதிக்கிறேன். தேதியையும் ஆண்டு முதலில் வருமாறு, புள்ளிக்குப் பதில் சிறுகோடு இட்டு எழுதச் சொல்லிவிட்டேன்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் அந்தப் பெட்டிதான் கற்றுக்கொடுத்தது. ஆசிரியர் கோப்புக்குப் பெயர் வைப்பதில்லை, முன்னுரை எழுதுவார். விண்டோஸின் வட்டு முறையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியலகுகளை (தமிழின் ஒரு குறியீட்டுக்கு ஓர் அலகு) அனுமதிக்கிறது. லினக்ஸின் வட்டு முறையான எக்ஸ்ட்4 அனுமதிப்பது 255 பைட்டுகளை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு வேண்டும். ‘சிங்கப்பூர்’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. உள்ளே, உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 11 குறியீடு, 33 பைட்டு. அதே சொல்லை எட்டு முறை எழுதினால் 264 பைட்டாகி எல்லை கடந்துவிடும். மடிக்கணினியில் நிம்மதியாக இருந்த கோப்பு பெட்டிக்கு நகர மறுத்ததன் காரணம் இதுவே. பாதைப் பொருளை உருவாக்கும்போது பாத்லிப் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கோப்பை எழுத முயலும்போதுதான் இயங்குதளம் மறுக்கிறது.

இரண்டாவது, ஒகரக் கொம்பு. ‘தொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை, பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். உறுப்பினர் ஒருவர் பழைய மேக்கிலிருந்து தந்த ‘தொகுப்பு’ என்ற கோப்புறைக்குப் பக்கத்திலேயே, நான் உருவாக்கிய ‘தொகுப்பு’ம் பெட்டியில் தனியாக நின்றது. ஒன்று 24 பைட்டு, மற்றது 27. திரையில் ஓர் அணுவும் வேறுபாடு இல்லை. ஆனால் பாத்லிப் இரண்டையும் ஒப்பிட்டுச் சமமில்லை என்கிறது, தேடினால் ஒன்று மட்டுமே அகப்படுகிறது. பெயர்களை முதலில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே பாதையாக்குவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தொல்லை தமிழுக்கு இல்லை என்று மகிழ்ந்திருந்தவனுக்குக் கொம்பு வைத்த பாடம் இது.

சில்லறைக் குறைகளும் உண்டு. பெயர் வடிவத்தைக் கொண்டு தேடும் ‘குளோப்’, கோப்புகளை அகரவரிசையில் தருவதில்லை. புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளையும் சேர்த்துக் கொடுக்கும். இலட்சக்கணக்கான கோப்புகளை அலசும் கிடங்குப் பணிக்கு இன்னமும் ‘ஓஎஸ் டாட் ஸ்கேன்டிர்’தான் விரைவாக இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதைப் பொருளை உருவாக்கும் செலவு அந்த அளவில் தெரியவே செய்கிறது. கோப்பை நகலெடுக்கும் வசதி 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில்தான் பாத்லிப்புக்கே கிடைத்தது. அதுவரை ‘ஷுடில்’ தொகுதியைத் தனியாக அழைக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் மாற்றிவிட்டேன். அமைப்பின் பெட்டியில் இருப்பது 3.8 என்பதால், ஆசிரியரின் புறவட்டுக்கு மாதம் ஒருமுறை நகலெடுக்கும் நிரல் மட்டும் இன்னும் ஷுடிலிலேயே ஓடுகிறது.