தேதி வரிசையில் வாஷிங்டன்

ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் உரைகளையும் சேர்த்த ஒரு கனத்த தொகுதியை இரண்டு மாதம் படித்து நேற்றிரவு முடித்தேன். வாங்க நினைப்பவர்கள், தேதி வரிசையில் அடுக்கிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பொருள்வாரியாகப் பிரித்தவற்றில் இந்த மனிதர் பிடிபட மாட்டார்.

1796 செப்டம்பரையே பாருங்கள். 19-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் அதிபர் பதவியை விட்டு விலகப்போவதை அறிவிக்கும் அவருடைய பிரியாவிடை உரை வெளியானது. உரை என்கிறோமே தவிர, அதை அவர் எந்த மேடையிலும் பேசவில்லை. அரசியல் சகாக்களான மாடிசனின் பழைய வரைவும் ஹாமில்டனின் கையும் அதில் உண்டு. கட்சிப் பகை குடியரசைக் குலைத்துவிடும் என்று அவர் பதறும் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். அதற்குச் சில தாள்கள் முன்னால், செப்டம்பர் 1 தேதியிட்ட ஒரு கடிதம். தம் வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்ட ஓனா ஜட்ஜ் என்ற அடிமைப் பெண்ணை மீட்டுத் தரும்படி கருவூலச் செயலாளர் உல்காட்டிடம் கேட்கிறார். வேலைக்காரியாக நடத்தாமல் பிள்ளைபோல் வளர்த்தோமே, நன்றியில்லையே என்று மனத்தாங்கல் வேறு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறக்க முடிந்தது.

1799 ஜூலையில் எழுதிய உயிலில், தமக்குச் சொந்தமான அடிமைகளை மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பின் விடுவிக்கச் சொல்கிறார். அமெரிக்க விடுதலைப் போர்க்காலம் முழுவதும் உடனிருந்த அடிமை வில்லியம் லீக்கு உடனே விடுதலை, ஆண்டுக்கு 30 டாலர். ஓனாவோ மார்த்தாவின் முதல் கணவர் சொத்துக் கணக்கில் இருந்தவர்; அந்த உயில் அவரைத் தொடவே இல்லை.

போர்க்காலக் கடிதங்களில் மாவும் சம்பளமும் திரும்பத் திரும்ப வரும், வேகமாகப் புரட்டலாம். 1777 டிசம்பர் 23 கடிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலில் செருப்பும் உடம்பில் துணியும் இல்லாததால் பணிக்கு உதவாத படைவீரர்கள் 2,898 பேர் என்று எண்ணிச் சொல்கிறார். ‘ஏராளமானோர்’ என்று எழுதியிருந்தால் இப்படிச் சுட்டிருக்காது.

எனக்குள்ள பெரிய குறை நியூபர்க் உரை பற்றியது. 1783 மார்ச் 15, சம்பளம் கிடைக்காமல் கொதித்துக்கொண்டிருந்த தம் படை அதிகாரிகள் முன், நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் முகாமில் வாசித்தது. முழு உரையும் இருக்கிறது. ஆனால் அதன்பின் ஒரு கடிதத்தை வாசிக்கத் தடுமாறி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டியதும், நாட்டுக்கு உழைத்துத் தலை நரைத்தது, இப்போது பார்வையும் போகிறது என்று சொன்னதும், அதிகாரிகள் கண்கலங்கியதும் உடனிருந்தவர்கள் எழுதிவைத்த செய்தி. அவர் கைப்பிரதியில் இல்லாததால் இந்தத் தொகுதியிலும் இல்லை. நான்கு வரியில் ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கலாம்.