சென்னை வெயிலும் சிஓ2-வும்: காற்றுச் சிலிண்டருக்கு மாறி இரண்டரை வருடம்

ஞாயிறு தவறாமல் ஈசிஆர் பக்கம் பெயிண்ட்பால் (சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டு) ஆடப் போகிறவன் நான். என்னுடையது சாதாரண மெக்கானிக்கல் மார்க்கர், அதாவது அந்தக் குண்டைச் சுடும் துப்பாக்கி. அதில் தனி ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) கிடையாது, சிலிண்டர் தரும் அழுத்தம் அப்படியே வால்வுக்குப் போகும். முதல் ஒன்றரை வருடம் சிஓ2-வில்தான் (கார்பன் டைஆக்சைடு) ஓட்டினேன். அதைக் கைவிட வைத்தது ஒரு மே மாதம், கத்திரி வெயில்.

காலை ஏழு மணிக்கு குரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வினாடிக்கு 275 அடி வைத்துவிட்டு ஆட இறங்கினேன். பதினொரு மணி வாக்கில் கூட ஆடும் தம்பி ஒருத்தன் பனியனைத் தூக்கிக் காட்டினான். விலாவில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது. "அண்ணே, உங்க குண்டு மட்டும் ரொம்ப வலிக்குதுண்ணே." ஓடிப்போய் மறுபடி அளந்தேன். 312. முகமூடி போட்டிருந்தாலும் 300-க்கு மேல் யாரையும் சுடக் கூடாது. அன்றைக்கு அதற்கு மேல் நான் ஆடவில்லை.

மார்க்கரில் கோளாறு எதுவும் இல்லை. சிஓ2 சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது, அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம்தான். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 830 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 30 டிகிரியில் 1,040-ஐத் தாண்டிவிடும். 31 டிகிரிக்கு மேலே அது திரவமாகவே நிற்காது. நம்ம ஊரில் பங்குனியிலேயே அந்த வெப்பம் வந்துவிடுகிறது. இது ஒரு பக்கம். தொடர்ந்து பத்துப் பதினைந்து குண்டு சுட்டால் கதை தலைகீழ். திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் ஜில்லிட்டு வெளியே பனி படியும், வேகம் 240-க்கு விழும். சில நேரம் திரவமே உள்ளே ஏறி பேரல் வழியாக வெள்ளைப் புகையாக வரும். அந்தக் குளிரில் ஓ ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) விறைத்து வெடிக்கும். மாதம் ஒன்றாவது மாற்றிக்கொண்டிருந்தேன்.

சிஓ2-வுக்குப் பதிலாக வாங்கியது, அழுத்தப்பட்ட காற்றை நிரப்பும் 48 கன அங்குலம், 3,000 பிஎஸ்ஐ அலுமினிய சிலிண்டர். திருகும் மரை ஒன்றேதான் என்பதால் மார்க்கரில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, வேகத் திருகை மட்டும் புதிதாக வைத்தேன். சிலிண்டர் தலையிலேயே ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே 3,000 இருந்தாலும் 1,500 இருந்தாலும் வெளியே வருவது 800-தான். போன மே மாதம் நடு மதியத்தில் அளந்தது: 279, 282, 280, 281. மார்கழிக் காலையிலும் ஏறக்குறைய அதே எண்கள். எனக்கு இது ஒன்றே போதும்.

குறை என்றால் நிரப்புவதுதான். சிஓ2-வை தீயணைப்பான் நிரப்புகிற கடையில்கூட எடை போட்டு வாங்கிவிடலாம். காற்றுக்கு அந்த வசதி இல்லை. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 12 லிட்டர் ஸ்கூபா (ஆழ்கடல் நீச்சல்) சிலிண்டர் ஒன்றை 200 பாரில் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) நிரப்பி எடுத்துப் போகிறோம். காலியாக வருகிற முதல் ஆளுக்கு 187 பார் கிடைக்கும், ஐந்தாவது ஆளுக்கு 145 கிட்டத்தான். அதனால் வாரம் ஒருவர் கடைசியாக நிற்போம். சிலிண்டர் முழுதாக நிறைந்திருந்தால் 450 குண்டு வரை வரும், பழைய 20 அவுன்ஸ் சிஓ2-வில் அதைப்போல இரண்டு மடங்கு சுட்டிருக்கிறேன். இன்னொன்று, அவசரப்பட்டு நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், கேஜ் (அழுத்தமானி) கூடுதலாகக் காட்டும். நிழலில் கால் மணி வைத்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். மெதுவாகத் திறங்கள்.

ஒன்பதாவது மாதம் நிரப்பும் நிப்பிளில் (காற்று உள்ளே போகும் முனை) கசிவு. ராத்திரி 2,500 இருந்தது காலையில் 1,900. சோப்புத் தண்ணீர் தடவியதும் முத்து முத்தாகக் குமிழி வந்தது, சின்ன ஓ ரிங் ஒன்றில் தீர்ந்தது. அந்த நிப்பிளில் மட்டும் வண்டி எண்ணெய், கிரீஸ் எதுவும் தொட விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்று பாயும்போது எண்ணெய் தீப்பற்றிக்கொள்ளலாம், இதில் யாரும் விளையாட வேண்டாம்.

இந்த ரக சிலிண்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை உண்டு. இங்கே ஒரு சோதனைக் கூடத்தில் விசாரித்தபோது, இந்திய ஒப்புதல் முத்திரை இல்லாத வெளிநாட்டுச் சிலிண்டரைத் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் தோள்பட்டையில் அடித்திருக்கும் தேதியையும் முத்திரையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதற்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது.