க்யூ வேணும், யூ ஆகாது: ஆங்கிலச் சொல் தேட எது தேவலை?

எழுத்துகளைக் கொடுத்து ஆங்கிலச் சொல் தேடுகிறவர்கள் கேட்பது மூன்று விதம். கையில் இருக்கும் எழுத்துகளை மட்டும் கலைத்துப்போட்டால் என்ன சொல் வரும் என்பது ஒன்று. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடுகிறவர்களுக்கு இதுதான் வேண்டும். பாதிக் கட்டம் நிரம்பியிருக்க, மீதியைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. குறுக்கெழுத்தும், ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் என்ற ஆட்டமும் இந்த ரகம். மூன்றாவது, இன்ன எழுத்துகள் எங்கேயாவது இருந்தால் சரி, கூட எது வந்தாலும் பரவாயில்லை என்பது. ஒன்றுக்கான வழியில் மற்றதைத் தேடிவிட்டு, "ஒண்ணுமே வரலீங்க" என்று போனைக் கீழே வைக்கிறவர்களே அதிகம்.

முதல் ரகத்துக்கு வேர்டு ஃபைண்டர் தளங்கள் போதும். ரெட்டினாஸ் என்ற சொல்லின் ஏழு எழுத்துகளைத் தட்டினால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் என்று அதே ஏழில் அமைந்தவை வந்து விழும். ஏழு கட்டையையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால், போட்டிக்குப் போகிறவர்கள் இந்த மாதிரிக் கூட்டங்களை மனப்பாடமே செய்கிறார்கள். விளம்பரத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தச் சொற்பட்டியலில் தேடுகிறது என்று பார்க்காமல் இருக்கக் கூடாது. இந்தியாவில் ஸ்க்ராபிள் போட்டிகள், செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலை வைத்து நடக்கின்றன. அதில் ஈரெழுத்துச் சொற்கள் 127. வட அமெரிக்கப் பட்டியலில் 107தான். யாக் எருமைக்கும் மாட்டுக்கும் பிறக்கும் கலப்பினத்தைக் குறிக்கும், இசட் போட்டு எழுதும் 'ஸோ' இங்கே செல்லும், அங்கே செல்லாது. கோயமுத்தூரில் போட்டிக்கு உட்காரப்போகும் பிள்ளை அமெரிக்கப் பட்டியலில் பழகினால் புள்ளி போகும்.

இரண்டாவது ரகத்துக்கு ஒன்லுக் தளத்தைத்தான் சொல்வேன். தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி. கடைசியில் கழித்தல் குறி போட்டு, ஆகாத எழுத்துகளை எழுதினால் அவை உள்ள சொற்கள் விலகிவிடும். வேர்டில் ஆட்டத்தில் 'இது சொல்லில் இல்லை' என்று சாம்பல் நிறமான எழுத்துகளை அப்படியே அங்கே கொட்டலாம். அர்த்தமும் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதால் குறுக்கெழுத்துக்காரர்களுக்கு இதை மிஞ்சியது இல்லை.

மூன்றாவதில்தான் சங்கதி இருக்கிறது. கோபியில் என் அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏனுங் மாமா, க்யூவுக்குப் பின்னால யூ வராத வார்த்தை எதாச்சும் இருக்குதுங்களா?" ஒன்லுக்கில் நட்சத்திரம், க்யூ, நட்சத்திரம், கழித்தல், யூ என்று போட்டோம். ஃபக்கீர், நிகாப், கத்தார் எல்லாம் வந்தன. பர்கா வரவில்லை. ஆங்கிலத்தில் பர்காவை க்யூ போட்டு எழுதினால் அதில் யூவும் உண்டு. ஆனால் அது இரண்டாவது எழுத்து, க்யூவுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. கழித்தல் குறிக்கு முன்பின் எல்லாம் தெரியாது, யூ எங்கே இருந்தாலும் தள்ளிவிடும். அவள் கேட்ட கேள்வி வேறு, நாங்கள் தட்டியது வேறு.

இந்த இடத்தில் கிரெப் நிற்கிறது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1970களிலிருந்து புழங்கும் கட்டளை அது; நாம் கொடுக்கும் வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளைப் பட்டியலிலிருந்து பொறுக்கித் தரும். க்யூவுக்கு அடுத்து யூ அல்லாத ஓர் எழுத்து என்று வடிவம் கொடுத்தால் பர்கா சிக்கும். அப்போதும் அரபுச் சந்தையைக் குறிக்கும் 'சுக்' நழுவும், ஏனென்றால் அங்கே க்யூதான் கடைசி, அடுத்து எழுத்தே இல்லை. "அல்லது சொல் அதோடு முடியவேண்டும்" என்று வடிவத்தில் சேர்த்துவிட்டால் அதுவும் வந்துவிடும். நினைத்ததை இவ்வளவு துல்லியமாகக் கேட்க வேறு வழி எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால் பட்டியலை நாம்தான் கொடுக்கவேண்டும். மேக் கணினியோடு வரும் பட்டியல் 1934ஆம் வருஷத்து வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது. பன்மைச் சொற்கள் பெரும்பாலும் கிடையாது, புதுச் சொற்களைக் கேட்கவே வேண்டாம். பட்டியல் சொத்தையாக இருந்தால் கட்டளை என்ன செய்யும்?

கட்டளை தட்டும் கருப்புத் திரையைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு எக்ஸல். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருக்கிறவர்கள் நாள் முழுக்க அதில்தானே கிடக்கிறார்கள்! ஒரு ஷீட்டில் பத்து லட்சத்துக்கும் மேல் வரிசை பிடிக்கும். காலின்ஸ் பட்டியலோ மூன்று லட்சத்தைத் தொடாது. ஃபில்டரில் "இதைக் கொண்டது" என்று இரண்டு நிபந்தனை வரைக்கும் போடலாம். மூன்றாவது எழுத்து வந்தால் பக்கத்தில் ஒரு நெடுவரிசை திறந்து ஃபார்முலா எழுதவேண்டும். வேலை கொஞ்சம் இழுக்கும், ஆனால் கணக்கு தப்பாது.

ஏஐ சாட்பாட்டிடம் நேராகக் கேட்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் நடுவில் ஆறெழுத்துச் சொல்லையும் அடித்துச் சொல்லிவிடும். அதே சாட்பாட்டிடம் "கிரெப் கட்டளை எழுதிக் கொடு" என்றால் பெரும்பாலும் ஒழுங்காக எழுதும். அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அச்சு அகராதி? முதல் எழுத்து தெரியாவிட்டால் தேடலுக்கு அது உதவாது. கிடைத்த சொல்லுக்குத் தமிழில் பொருள் பார்க்க லிஃப்கோ வீட்டில் இருக்கட்டும்.

சத்தியிலிருந்து திம்பம் மலையேறுகிறவர்களுக்கு ஒன்று. அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னலை நம்பமுடியாது, தளங்கள் திறக்காது. பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஆப் ஒன்றை மலையடிவாரத்துப் பண்ணாரியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.