பூட்டியிருந்த கதவு: ஆறு வருடக் கூட்டங்களுக்குப் பிறகு

குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வாரம் இரண்டு தடவை போவேன், மனசு சரியில்லாத வாரம் மூன்று. இதைப் பற்றி எழுதலாம் என்று பல தடவை நினைத்துத் தள்ளிப்போட்டேன். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்தபின் தள்ளிப்போட முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, எந்தக் கூட்டத்துக்குப் போறது? நீங்க போற இடத்துல தெரிஞ்சவங்க இருப்பாங்க, கூச்சமா இருக்கு." நியாயமான கூச்சம்தான். இணையத்தில் ஒரு பட்டியலைப் பார்த்து அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைச் சொன்னேன். மாலை ஆறரை மணிக் கூட்டம். ஆறேகாலுக்கே போய் நின்றிருக்கிறான். கதவு பூட்டியிருந்தது. பட்டியலில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. ஏழேகால் வரை அங்கேயே நின்றுவிட்டு, திரும்புகிற வழியில் குடித்துவிட்டான். ராத்திரி ஃபோனில், "கூட்டமே இல்லண்ணே" என்று மட்டும் சொன்னான்.

கூட்டங்களில் சகித்துக்கொள்ள முடிகிற குறைகள் நிறைய. ஒருவரே இருபது நிமிஷம் பேசுவார், நடத்துகிறவர் நிறுத்தமாட்டார். சொன்ன கதையையே வாராவாரம் சொல்வார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. இந்தப் பழைய பட்டியல் விஷயம் மட்டும் ஆறு வருடமாக ஆறவில்லை. ஏனென்றால் எனக்கும் முதலில் கிடைத்தது பூட்டுதான், அதுவும் இரண்டு இடத்தில். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பார்த்தேன், கை நடுக்கத்தில் பேனா நிற்கவில்லை. அவரே வாங்கி எழுதி, நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "ராத்திரி ரெண்டு மணின்னாலும் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டேன். எடுத்தார்.

கோபத்துக்கு நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குழுக்களில் பெரும்பாலும் சம்பள ஆள் கிடையாது. 1935-ல் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அங்கே சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை. கட்டணம் இல்லை. ஒவ்வொரு குழுவும் தன் காலில் நிற்கிறது. மேலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை என்பதால்தான் நான் அங்கே மூச்சுவிட முடிந்தது. இப்படித் தொண்டர்களால் நடக்கிற எந்த அமைப்பிலும், ஒரு குழு கலைந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வது யார் வேலை என்பது தெளிவாக இருப்பதில்லை. புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

எது பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் இது. ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவையாவது போங்கள். திறந்த கூட்டம் என்றால் யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். ஏ.ஏ. சொல்லும் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார். அது ஒட்டவில்லை என்றால் 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி மாதிரி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சியாக நடக்கும் கூட்டங்கள் உண்டு. பெண்கள் மட்டும் கூடுவதும் உண்டு. வீட்டு ஆட்களுக்குத் தனியாக ஆல்-அனான், 1951-லிருந்து. வெறும் பேச்சு என்ன செய்யும் என்று நானும் கேட்டிருக்கிறேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ. பக்கம் ஆளைக் கொண்டுசேர்க்கும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளை விட நன்றாகவே வேலை செய்தது.

நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்ததும், ஓரமாக நிற்கிற புது ஆளிடம் யாராவது போகிறார்களா? போனால் அங்கேயே இருங்கள்.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிப்பவர் கூட்டத்தை நம்பித் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

என் உயிர் இருப்பது இந்தக் கூட்டங்களால்தான். ஆனால் இன்றைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான். அந்தத் தம்பி ஒரு மணி நேரம் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு மூன்றைக் கழிக்கிறேன். அதில் ஒன்று என் கணக்கு. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும், செய்யவில்லை.

புதன்கிழமை வேறு ஓர் இடத்துக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். திறந்திருந்தது, ஏழு பேர் இருந்தார்கள். நடத்துகிற அம்மாவிடம் எண் வாங்கி, அங்கே நின்றபடியே அடித்துப் பார்த்தேன். அவர் கைப்பைக்குள் மணி அடித்தது. தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருகிற புதன்கிழமை ஆறு மணிக்கே அந்த வாசலில் நிற்பேன்.