சிக்னல் இல்லாத வகுப்பில் என் பையில் மிஞ்சியவை: பி.எட். இரண்டு வருட அனுபவம்

பி.எட். சேர்ந்த முதல் மாதம் என் போனில் பாடம் நடத்துவதற்கென்றே 14 செயலிகள் இருந்தன. சீனியர் அக்காமார் சொன்னது, யூடியூபில் பார்த்தது, கல்லூரிப் பயிலரங்கில் இறக்கச் சொன்னது எல்லாம் சேர்த்து. இரண்டு வருடம் முடிந்த இப்போது மிச்சம் மூன்று. எது ஏன் போனது, எது ஏன் நின்றது என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கு டேட்டாவாவது மிச்சமாகும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எந்தச் செயலியை நல்லது கெட்டது என்றாலும் அர்த்தமில்லை. இரண்டாம் வருடக் கற்பித்தல் பயிற்சி 16 வாரம். எனக்குக் கிடைத்தது கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி, ஒரு ஹட்டிக்குக் (படகர் ஊருக்குக்) கீழே தேயிலைச் சரிவில் இருக்கும் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு கணக்கு, 28 பிள்ளைகள். சிக்னல் ஸ்டாஃப் ரூமின் ஒரு ஜன்னலில் இரண்டு கோடு, மேலே தண்ணீர்த் தொட்டியருகே மூன்று கோடு. மேகம் இறங்கிவிட்டால் அதுவும் சந்தேகம். காற்றடித்து எங்காவது ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்டும் அன்றைக்கு அவ்வளவுதான்.

முதலில் அடிபட்டது கூகுள் ஃபார்ம்ஸ். ராத்திரி உட்கார்ந்து பத்துக் கேள்வி தயாரித்து, மதிப்பெண் தானே விழும்படி அமைத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். மற்றவர்களைக் கேட்டால், “அப்பா போனை ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போயிட்டார் மிஸ்.” வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வேலைக்குப் போகும் போன். ஃபார்ம்ஸ் மேல் குறை இல்லை. எங்கள் கல்லூரி வகுப்புத் தோழிகளிடம் கருத்துக் கேட்க இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பள்ளிக்கு அது ஒத்துவரவில்லை. ஆளுக்கொரு போனில் பதில் தட்டவேண்டிய வினாடி வினாச் செயலி கஹூட்டும் அதே காரணத்தால் அதே வாரத்தில் போனது.

கோடும் வடிவமும் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா நிலைத்து நின்றது. 2001ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவரின் ஆய்வேட்டு வேலையாகத் தொடங்கியது இது. நம் கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று வருகிற பக்கங்களில் பெரும்பாலும் இதுதான். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை. தங்கையின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் போய், ஒய் = எம்எக்ஸ் + சி கோட்டை வரைந்து, எம் மதிப்பை ஸ்லைடரில் மெல்ல ஏற்றினேன். கோடு நிமிர நிமிர, பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “போதும் மிஸ், இதுக்கு மேல பஸ் ஏறாது” என்றான். சாய்வுக்கு நான் அதுவரை சொன்ன எந்த விளக்கமும் அவ்வளவு சரியாக இல்லை. குறை என்றால் 28 பேருக்கு ஒரு லேப்டாப் திரை போதாது. ஸ்மார்ட் போர்டு இருக்கும் அறை காலியாக இருந்து கரண்டும் இருக்கிற நாள் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ.

அடுத்தது கொஞ்சம் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் (குட்டிப் பாடம் நடத்திப் பழகுவது) உண்டல்லவா, 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறு திட்டம், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம். அப்போது தோழி ஒருத்தி போனை நிறுத்தி வைத்து என்னைப் படம் பிடித்தாள். விடுதியில் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் “புரிஞ்சுதா” என்று 23 தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளரின் ஆய்வைப் பாடமாகவே படித்திருந்தோம்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள். பரீட்சையில் நன்றாக எழுதினேன். வீடியோவை ஓட்டி என் இடைவெளியை அளந்தால் ஒரு வினாடிகூட இல்லை. போன் கேமராவை இந்த வேலைக்குப் பயன்படுத்துவதுபோல மலிவான, வலிக்கிற பயிற்சி வேறு இல்லை. (பள்ளியில் செய்யும்போது தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, பின்னாலிருந்து என்னை மட்டும் எடுங்கள் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் முகம் வேண்டாம்.)

தெரிந்தும் திருந்த முடியவில்லை. வகுப்பில் மௌனம் விழுந்தாலே பயமாக இருந்தது. கைடு டீச்சர் பின்னால் உட்கார்ந்து அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்க யாருக்குத் தைரியம் வரும்?

திருத்தியது பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஆளுக்கொரு அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம். எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அது ஏ, பி, சி அல்லது டி. ஆசிரியரின் போன் கேமரா மட்டும் போதும், பிள்ளைகளிடம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்து பொடிசு. அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதுவது நடக்காது. கேள்விகள் என் பிளிக்கர்ஸ் அக்கவுண்டிலிருந்து வரவேண்டும் என்பதால் எனக்கு மட்டும் கொஞ்சம் நெட் தேவைப்பட்டது. ஜன்னலோரம் மேசையை நகர்த்திக்கொண்டேன். பெயர் எதுவும் ஏற்றவில்லை, வரிசை எண் மட்டும்.

40 அட்டை, பக்கத்துக்கு இரண்டாக 20 தாள். அழகாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டேன், 400 ரூபாய். இதைத்தான் செய்யாதீர்கள். மேகமூட்டமான நாளில் எல்லா அட்டையும் கேமராவில் பதிந்தது. வெயில் அடித்த நாளில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்து, பாதி அட்டை கேமராவுக்குத் தெரியவில்லை. வெயிலுக்கு ஏங்குகிற ஊரில் வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றேன். பிறகு தடிமனான சாதாரணத் தாளில் மறுபடி பிரிண்ட் எடுத்தேன். ஈரத்தில் அது வளைந்துபோகும், பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கவேண்டும்.

அளவியல் பாடத்தில் கேட்ட கேள்வி இது: ஒரு செவ்வகத் தேயிலைத் தோட்டத்தின் நீளம், அகலம் இரண்டையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு எத்தனை மடங்கு? ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் “புரிஞ்சுது மிஸ்” என்று கோரஸ் பாடியிருந்தார்கள். 17 பேர் ‘2’ என்று தூக்கினார்கள். அதைவிட முக்கியமானது, கேமராவை இடமிருந்து வலமாக நகர்த்தி எல்லா அட்டையையும் பிடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. போன் மெதுவானது. அந்த அரை நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை, திறக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அட்டை திரும்பியது. அப்புறம் பின்வரிசையில் இன்னொன்று, பயிற்சி தொடங்கியதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பெண் அவள். “ஏன் மாத்தினே?” “நாலு தோட்டம் ஆயிடும் மிஸ். கொழுந்தும் நாலு மடங்கு வரும்.”

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசின் பாடச் செயலியான தீக்ஷாவில் புத்தகத்தின் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பாடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று அதைத்தான் செய்வேன். வகுப்பில் ஓட்டுவதைவிட நான் தயாராவதற்கு உதவியது. திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) செயல்விளக்கங்கள் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி நெட் இல்லாமல் உலாவியில் திறக்கலாம், அதனால் செயலிக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அதுபோல வராது என்று அறிவியல் தோழிகள் சத்தியம் செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவிடம் பாடத்திட்டம் கேட்டால் நிமிடம் பிசகாமல் 45 நிமிடத்துக்குத் தருகிறது. காட்டெருமை ரோட்டில் நின்றதால் எட்டுப் பேர் தாமதமாக வந்தால் அதில் எதை வெட்டுவது என்று நான்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது.

ஒரே ஒரு கோபம் பாக்கி. எங்களுக்குக் கிடைத்த பழைய வினாத்தாள் கோப்புகள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில். போனில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்றித்தரும் மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் கணக்குக் குறிகளைச் சிதைத்துவிடுகின்றன. 60 பக்கம் யூனிகோடில் மறுபடி தட்டினேன். புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரமே தமிழ்99 விசைப்பலகை பழகிவிடுங்கள்.

கடைசி நாள் பிஸ்கட் டின்னை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கைடு டீச்சர்தான் கேட்டார்: “ஏம்மா, அந்தக் கட்டம் போட்ட அட்டையை வெச்சுட்டுப் போறியா?” போனில் நிறுவியும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பேசியபோது அந்தச் செயலியை அவர் திறக்கவே இல்லை என்று தெரிந்தது. பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதி ஆளுக்கு நான்கு கொடுத்திருக்கிறார். “அப்போ பக்கத்துல பார்த்துடுவாங்களே சார்?”

“கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கச் சொல்லிடுறேன்மா.”